எல்லையோரத்திலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளராக: கேரளத் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுச் செய்தியாளர் என்றதும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டாங்கிக்கு முன்னால் நிற்கும் ஆள்தான் பலருக்கு நினைவில் வருவார். அப்படி வேலை செய்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனத்தின் காப்பீடும் வக்கீலும் பணமும் இருக்கும். சித்தூர் தாலுகாவிலோ மூணாறிலோ குமுளியிலோ புனலூரிலோ இருந்து புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வாசல் திறக்காது. திறக்கக்கூடிய வாசல் வேறு இருக்கிறது. முதலில் கேரள–தமிழ்நாடு எல்லையோரச் செய்தியை வெளியுலக ஆசிரியர்களுக்கு விற்கப் பழகுங்கள். பிறகு உங்கள் ஊர்க்காரர்கள் எந்த நாட்டுக்குப் பிழைக்கப் போனார்களோ, அந்த நாட்டுக்குப் போங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையில் ஒரு பைலைன்கூட, அதாவது சொந்தப் பெயரில் வெளிவந்த ஒரு கட்டுரைகூட இல்லாமல் விமானம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

முதல் படி: எல்லையைப் படிப்பது

டெல்லியிலிருந்து வரும் நிருபருக்கு இல்லாத இரண்டு உங்களிடம் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் காதில் விழும். இரண்டு அரசாங்கங்களின் அலுவலகங்களும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ‘அண்ணே’ என்று பேச்சைத் தொடங்கி, அடுத்த அரை மணி நேரத்தில் வில்லேஜ் ஆபீசில் ‘சாரே’ என்று நிற்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதிதான் சிரமம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பலருக்கு மலையாளம் பேச வரும், அரசாணையைப் படிக்க வராது. தினமும் அரை மணி நேரம் ஒரு மலையாள நாளிதழையும், வாரம் ஒரு கேரள அரசு உத்தரவையும் வாய்விட்டுப் படியுங்கள். ஆறு மாதத்தில் கை வந்துவிடும். அதுவரை மலையாள ஆவணத்தை மேற்கோள் காட்டும் எதையும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். இந்தியக் குடிமகன் மட்டுமே அதில் மனு போட முடியும். லண்டன் நிருபரால் அது முடியாது, உங்களால் முடியும். இதன் மதிப்பைப் புதியவர்கள் உணர்வதே இல்லை. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், மாநில அரசு அலுவலகத்துக்கு அதைக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டிவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேரள அலுவலகத்துக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

மனு வீணாவதற்கு முக்கியக் காரணம் ‘ஏன்’ என்று கேட்பது. சட்டம் தருவது பதிவேட்டில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. ‘ஏன் தண்ணீர் குறைந்தது’ என்று கேட்டால் ஒரு வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். ‘மணக்கடவு அணைக்கட்டில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பதிவான தினசரி நீரளவு, பதிவேட்டின் நகல்’ என்று கேட்டால் தந்தாக வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) நீர் கிடைக்க வேண்டும். நீர் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஒரே மாதத்துக்கான கணக்கைப் பொள்ளாச்சிப் பக்கத்து அலுவலகத்திடமும் சித்தூர்ப் பக்கத்து அலுவலகத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடைவெளியிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது.

இரண்டாம் படி: பைலைன் சேர்ப்பது

வெளிநாட்டு ஆசிரியர் உங்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. கேட்பது மூன்று இணைப்புகள், அதாவது ஏற்கெனவே வெளிவந்த மூன்று கட்டுரைகள். அவை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், சொந்தமாக அலைந்து எழுதியதாக இருக்க வேண்டும், ஒரே துறையைச் சுற்றி இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர், தோட்டத் தொழிலாளர், புலம்பெயர்வு, காட்டு விலங்கு மோதல் என எல்லையில் கிடைக்கும் துறைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் அதையே எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுகிறவரை எந்த டெஸ்க்கும், அதாவது எந்த இதழின் ஆசிரியர் குழுவும், நினைவில் வைத்துக்கொள்ளாது.

உள்ளூர்த் தமிழ் நாளிதழில் பகுதிநேர நிருபராக ஒரு வருஷம் இருப்பது நல்லது. காசு கிடைக்காது, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கலெக்டரேட் எப்படி இயங்குகின்றன என்பது தெரியும். பிறகு தென் மாநிலங்களில் கவனம் வைக்கும் பெங்களூருவின் தி நியூஸ் மினிட், 2014-ல் பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய மக்கள் காப்பகம், சுற்றுச்சூழலுக்கு மோங்காபே இந்தியா. இவற்றில் வந்த கட்டுரைகளை வெளிநாட்டு டெஸ்க்குகள் மதிக்கும். நிதானமாக எழுதப் பழகவும் இவை நல்ல இடங்கள்.

தமிழிலேயே சர்வதேச வேலை இருப்பதையும் மறக்க வேண்டாம். பிபிசி தமிழ் 1941 முதல் இயங்குகிறது. இந்தியாவில் அதன் செய்தித் தயாரிப்பு 2024 ஏப்ரல் முதல் கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற தனி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டிடபிள்யூவும் தமிழில் வெளியிடுகிறது. ஆங்கிலம் இன்னும் கூச்சமாக இருக்கிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

படிப்பு கட்டாயமில்லை. படிக்க விரும்பினால் சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், காக்கநாட்டில் கேரள மீடியா அகாடமி, கோட்டயத்தில் மத்திய அரசின் இதழியல் நிறுவனமான ஐஐஎம்சியின் வளாகம். கடன் வாங்கிச் சேருவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். இந்தத் தொழிலின் முதல் ஐந்து வருஷ வருமானம் அந்தத் தவணையைக் கட்டாது.

மூன்றாம் படி: பிட்ச் எழுதுவது

பிட்ச் என்றால் ‘இந்தக் கதையை எழுதித் தரட்டுமா’ என்று ஆசிரியருக்கு அனுப்பும் முன்மொழிவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். காரணம் ஆங்கிலம் அல்ல. தலைப்பையும் கதையையும் குழப்பிக்கொள்வதுதான். ‘முல்லைப்பெரியாறு பற்றி எழுதலாமா?’ என்பது தலைப்பு. அதற்குப் பதிலே வராது. கதை என்றால் யாரோ ஒருவர் எதையோ செய்கிறார், ஏதோ தடுக்கிறது, இப்போது ஏதோ மாறியிருக்கிறது. இந்த மூன்றும் வேண்டும்.

எல்லையில் எல்லோருக்கும் தெரிந்த லாட்டரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்தில் 1967-ல் தனித் துறை அமைத்து அரசே நடத்துகிறது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் கடைகளில் வந்து சீட்டு வாங்குகிறவர்களில் பலர் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துக் கூலித் தொழிலாளர்கள். இதுவரை சொன்னது பின்னணி மட்டுமே. அந்தத் தொழிலாளி வாரத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார், பரிசு விழுந்தால் குறித்த கெடுவுக்குள் வேறு மாநிலத்து ஆள் என்னென்ன காகிதங்களோடு போய் நிற்க வேண்டியிருக்கிறது, அவர் தரும் பணம் எந்த அரசின் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்று நீங்கள் பெயரோடும் ரசீதோடும் காட்ட முடிந்தால் அது கதை. ஒரு மாநிலம் தடுத்த சூதாட்டத்தில் பக்கத்து மாநிலம் வருமானம் பார்ப்பது அமெரிக்க வாசகருக்கும் ஐரோப்பிய வாசகருக்கும் உடனே புரியும்; அவர்கள் ஊரிலும் இப்படி எல்லைகள் உண்டு.

பிட்ச் 250 முதல் 300 சொல்லுக்குள் முடிய வேண்டும். முதல் பத்தியில் கதை. இரண்டாவதில் ஏன் இப்போது: ஒரு தீர்ப்பு, ஒரு ஆண்டுநிறைவு, புதிய எண். மூன்றாவதில் யாரிடம் பேசிவிட்டீர்கள், யாரிடம் பேசப் போகிறீர்கள், என்ன ஆவணம் கையில் இருக்கிறது. கடைசியில் நீங்கள் யார், எத்தனை சொல், எத்தனை நாளில் தருவீர்கள், படம் உண்டா, மூன்று இணைப்புகள். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே ‘பிட்ச்’ என்று போட்டு, கட்டுரைக்கு நீங்கள் வைக்கும் தலைப்பையும் எழுதுங்கள். கோப்பை இணைக்க வேண்டாம். எல்லாம் மின்னஞ்சல் உடலிலேயே இருக்கட்டும்.

‘ஏன் இப்போது’ என்ற கேள்விக்குப் பழைய செய்தி பதிலாகாது. பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலை 2000-ல் தொடங்கி 2004-ல் நின்றதும், பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2011-ல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போனதும் உலகமே எழுதித் தீர்த்த விஷயம். அதை மறுபடி விற்க வேண்டுமென்றால் புதிய ஆவணமோ புதிய சாட்சியோ வேண்டும். பிட்ச் அனுப்புமுன் அந்த இதழின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அவர்களே போன வருஷம் போட்ட கதையை அவர்களுக்கே அனுப்புவது நடக்கிற காரியம்தான்.

நேரம் பார்த்து அனுப்புங்கள். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. அவர்களின் காலைக் கூட்டத்துக்கு முன்பே பெட்டியில் இருக்க வேண்டுமென்றால் நம் மதியம் 12 மணிக்குள் போக வேண்டும். நியூயார்க் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அங்கே நம் மாலை 6 மணி சரியாக இருக்கும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறிடம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பி இருவர் சரி சொல்லிவிட்டால், ஒருவரை என்றைக்குமாக இழந்துவிடுவீர்கள்.

எழுதும்போது இடறும் இடங்கள்

நம் அளவுகள் வெளியே யாருக்கும் புரியாது. ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர், 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு கனஅடி நீர் 28.3 லிட்டர். ஒரு டிஎம்சி 2.83 கோடி கன மீட்டர். எனவே மணக்கடவின் 7.25 டிஎம்சி சுமார் 20.5 கோடி கன மீட்டர். முல்லைப்பெரியாறில் உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த 142 அடி, 43.3 மீட்டர். பவுன் என்றால் 8 கிராம். கோடியை மில்லியனாக்கும்போது ஒரு பூச்சியம் தவறினால் கட்டுரைக்குக் கீழே திருத்தம் போடுவார்கள். அந்தத் திருத்தம் இணையத்தில் உங்கள் பெயரோடு நிரந்தரமாக நிற்கும். ஒரு கோடி பத்து மில்லியன். மேசைக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த இடறல், நமக்குப் பழகிப்போனதை விளக்காமல் விடுவது. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 உயிர்கள் போயின. கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அறுந்து கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. இதைக் கேள்விப்படும் வெளிநாட்டு ஆசிரியரின் முதல் கேள்வி, அத்தனை குடும்பங்கள் ஏன் ஒரே வரிசையில், அந்தச் சரிவில் இருந்தன என்பதாகவே இருக்கும். லயம் என்றால் கம்பெனிக்குச் சொந்தமான வரிசை வீடு, வேலை போனால் வீடும் போகும், அதனால்தான் தலைமுறை தலைமுறையாக யாரும் அங்கிருந்து நகரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கதையின் மையமே அந்த விளக்கம்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் எழுதும்போது அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பேட்டிகளை முழுதாகப் பதிவு செய்து, மூல மொழியிலேயே எழுத்தாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்த வரிக்கு எதிரே மூல வரி இருக்க வேண்டும். உண்மை சரிபார்க்கும் மேசை உள்ள இதழ்கள் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆடியோவில் நிமிடக் கணக்குக் கேட்கும். வானொலிக்கு வேலை செய்தால் பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் வெட்டி ஒட்டும் இடமெல்லாம் காதில் குத்தும்.

அணை, ரயில் பாலம், புலிகள் காப்பகம் இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் கேமரா எடுக்க வேண்டாம். இதிலும் எல்லைக் குழப்பம் உண்டு. பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, சாலை வழி தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போகிறது. ஆக இரண்டு வனத்துறைகளையும் கேட்க வேண்டும். முல்லைப்பெரியாறு கேரள மண்ணில், அணையை இயக்குவது தமிழ்நாடு. ஒரு பக்கத்துக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும்.

ஒப்பந்தமும் பணமும்

வேலையைத் தொடங்குமுன் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்க வேண்டியவை: தொகை, எந்த நாணயம், சொல் அளவு, பயணச் செலவு யாருடையது, எப்போது பணம். ‘ஏற்றுக்கொண்டதும்’ என்பதற்கும் ‘வெளியானதும்’ என்பதற்கும் ஆறு மாத வித்தியாசம் வரலாம். கில் ஃபீ, அதாவது கட்டுரையைக் கேட்டு வாங்கிவிட்டுப் போடாமல் விட்டால் தரும் பங்கு, பொதுவாக 25 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். நீங்கள் கேட்காவிட்டால் இருக்காது. உரிமை பற்றிய பத்தியைக் கவனமாகப் படியுங்கள். எல்லா உரிமையையும் என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் அதே கட்டுரையைத் தமிழில்கூட நீங்கள் வெளியிட முடியாது. தமிழ் உரிமையை மட்டுமாவது தனியாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள்; பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வழக்கு வந்தால் முழுச் செலவும் எழுதியவருடையது என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் வர ஐஎஃப்எஸ்சி எண் போதாது, வங்கியின் சர்வதேச அடையாளமான ஸ்விஃப்ட் எண் வேண்டும். சிறிய கிளைகளுக்குத் தனி எண் இருக்காது. எந்தக் கிளை வழியாக வரும் என்று மேனேஜரிடம் எழுதி வாங்குங்கள். பணம் வந்ததும் எதற்கான தொகை என்று வங்கி கேட்கும், அதற்கு இன்வாய்ஸ் நகலைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வரவுச் சான்றையும் வாங்கி வையுங்கள், வரிக் கணக்கில் உதவும். அமெரிக்க இதழ்கள் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று அறிவிக்கும் ஒரு பக்கக் காகிதம் அது. நம் பான் எண்ணையே வரி எண்ணாகப் போடலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது காலண்டர் ஆண்டின் முடிவு வரை செல்லும்.

தமிழர்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். பைலைனில் ஒரு பெயர், வங்கியில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இன்னொன்று என்று மூன்று விதமாக இருந்தால் பணம் திரும்பிப் போகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் பயணமே நிற்கலாம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யும் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு ஓடுவதில் பயனில்லை.

நான்காம் படி: நம் ஆட்களின் தடத்தில் வெளியே போவது

முதல் வெளிநாட்டுக் கட்டுரை உங்கள் ஊரில் தொடங்கட்டும். புனலூர், குளத்தூப்புழைப் பக்கம் ரீஹாபிலிட்டேஷன் பிளாண்டேஷன்ஸ் என்ற அரசு ரப்பர்த் தோட்டம் 1976-ல் தொடங்கியது, இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்காக. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களின் சொந்தக்காரர்கள் இன்னும் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். குளத்தூப்புழையில் கிடைக்கும் ஒரு முகவரியும் ஒரு பழைய கடிதமும் வெளிநாட்டு நிருபருக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து தரும் எந்த ஃபிக்ஸரும் கொழும்பில் பணத்துக்குத் தர முடியாத அறிமுகம். இரண்டு பக்கமும் தமிழிலேயே பேசலாம். முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை.

இலங்கையில் சுற்றுலாவுக்கான இணையவழிப் பயண அனுமதியான இடிஏ-வில் போய்ச் செய்தி சேகரிக்கக் கூடாது. அந்நாட்டுத் தூதரகம் வழியாக ஊடகத்துக்கான விசா, போனபின் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அங்கீகாரம். சிங்கப்பூரில் அரசின் அழைப்போ ஆதரவோ இல்லாமல் செய்தி சேகரிக்கப் போகும் வெளிநாட்டு நிருபருக்கு மிஸலேனியஸ் ஒர்க் பாஸ் வேண்டும். அதிகபட்சம் 60 நாள். அமெரிக்காவுக்கு ஊடகத்தினருக்கென்று ‘ஐ’ விசா தனியாக இருக்கிறது, ஃப்ரீலான்ஸராக, அதாவது எந்த நிறுவனத்திலும் ஊழியராக இல்லாமல் எழுதுகிறவராக இருந்தால் ஊடக நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். எல்லா இடத்திலும் கேட்கப்படுவது ஒன்றே: ஆசிரியரின் கையெழுத்தோடு, நிறுவனத் தாளில், என்ன வேலைக்கு எத்தனை நாள் என்ற கடிதம். பிட்ச் ஏற்கப்பட்ட அன்றே அதைக் கேட்டு வாங்குங்கள். ‘டூரிஸ்ட் விசாவிலேயே முடித்துவிடலாம், யாருக்குத் தெரியும்’ என்பார்கள். பிடிபட்டால் நாடுகடத்தல் உங்களுக்கு. உங்களை வீட்டில் தங்கவைத்தவருக்கு அதைவிட மோசமான விசாரணை.

இன்டர்நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் ஜர்னலிஸ்ட்ஸ் தரும் பிரஸ் கார்டு இரண்டு வருஷம் செல்லும்; அதில் உறுப்பாக உள்ள இந்தியத் தொழிற்சங்கம் ஒன்றில் சேர்ந்தால் வாங்கலாம். அது அடையாளம் மட்டுமே, விசா ஆகாது.

வளைகுடா தனி விஷயம்

பாலக்காட்டிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் அதிகம் பேர் போன இடம் வளைகுடா. அதனால் எல்லோருக்கும் முதலில் அங்கே போய் லேபர் கேம்ப் பற்றி எழுதத் தோன்றும். அதை முதல் பயணமாக வைக்காதீர்கள். 2015-ல் கத்தாரில் தொழிலாளர் நிலையைப் படமெடுக்கப் போன பிபிசி குழுவையே பிடித்து வைத்தார்கள். 2021-ல் நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே செய்தியாளர்கள் இருவருக்கும் அதே கதி. அவர்களுக்குக் குரல் கொடுக்க அவர்கள் நாடே வந்தது. அமீரகத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டம், ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் விதத்தில் படமெடுப்பதையும் வதந்தி பரப்புவதையும் குற்றமாக்குகிறது. எது வதந்தி என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

வளைகுடாக் கதையின் பெரும் பகுதியை ஊரிலிருந்தே எழுதலாம். திரும்பி வந்தவர் பயமில்லாமல் பேசுவார். அவரிடம் கேட்க வேண்டிய காகிதங்கள்: இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம், அங்கே போனபின் கையெழுத்திட வைத்த இன்னொரு ஒப்பந்தம், சம்பளம் வரவான வங்கிப் பக்கம், ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்தின் ஜிபே ரசீது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அதற்கு மேலே வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் கேள்விக்குரியது. ரசீதே தராமல் ரொக்கமாக வாங்கியிருந்தால் ஒரே ஏஜென்ட்டிடம் போன மூன்று நான்கு பேரைத் தனித்தனியாகப் பேசவைத்து, சொல்வது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏஜென்ட்டின் பதிலையும் வாங்க வேண்டும். கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான கால அவகாசம் கொடுங்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகங்கள் திருவனந்தபுரம், கொச்சி, சென்னையில் இருக்கின்றன. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்கா ரூட்ஸிடமும் கேட்கலாம். இந்த அலுவலகங்களுக்கும் தகவல் உரிமை மனு போடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் அங்கேயே இருப்பவரிடம் பேசினால் பெயர், கம்பெனி, கேம்ப் இருக்கும் இடம், குரல் எதுவும் வெளியே போகக் கூடாது. சிக்னல் செயலியில் செய்தி தானாக அழியும்படி வைத்துப் பேசுங்கள். அவர் அனுப்பும் படத்தில் ஜன்னல் வழியே தெரியும் கட்டிடமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளம்புமுன்

சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் போரையும் கலவரத்தையும் விலக்கியிருக்கும். விலக்குப் பட்டியலை முதலில் படித்துவிட்டுப் பிறகு பிரீமியத்தைப் பாருங்கள். ஃப்ரீலான்ஸர்களுக்கு உதவ லண்டனில் ரோரி பெக் டிரஸ்ட், நியூயார்க்கில் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜே, பாரீஸில் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பான ஆர்எஸ்எஃப் இருக்கின்றன. பாதுகாப்புப் படிவங்களை அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஊரில் ஒருவரிடம் தினமும் குறித்த நேரத்தில் செய்தி அனுப்புவதாகச் சொல்லி வையுங்கள். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யாரை அழைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம், நெட்வொர்க் போன முதல் நாளே ஊரே கூடிவிடும்.

கேமரா, லென்ஸ் கொண்டுபோனால் புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், சீரியல் எண்களோடு. இல்லையென்றால் திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததாகச் சொல்லி வரி கேட்கலாம். பெரிய குழுவாகப் போனால் கருவிகளை வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்வர ஃபிக்கி வழங்கும் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. வெளிநாட்டில் ட்ரோன் வாங்கி வராதீர்கள், 2022 முதல் இறக்குமதித் தடை இருக்கிறது. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைதே ஆகலாம்.

இடையில் வரும் ஃபிக்ஸர் வேலை

வெளிநாட்டு டிவி குழு வந்தால் வண்டி, மொழிபெயர்ப்பு, அறிமுகம் எல்லாம் உங்களிடம் கேட்பார்கள். நாள் கூலி நன்றாக இருக்கும், தொழிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்களிடம் பத்திரிகையாளர்களுக்கு இந்தியா தரும் ஜே விசா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்கள் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார்கள், ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் பெயர் இணைச் செய்தியாளர் என்று வருமா, காப்பீடு உங்களுக்கும் உண்டா என்பதை முன்பணத்தோடு சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டுபிடித்த கதை என்றால் ஃபிக்ஸராகப் போகாதீர்கள். இணை பைலைன் கேளுங்கள்.

ஃபெலோஷிப்

ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட், ஹார்வர்டின் நீமன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஐந்து வருஷ முழுநேர அனுபவம் வேண்டும். ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லி திட்டம் இளையவர்களுக்கானது, அமெரிக்கச் செய்தி அறையில் வேலை செய்ய வைக்கும். செவனிங் தெற்காசியப் பத்திரிகையாளர் திட்டம் லண்டனில் சில வாரங்கள். இவையெல்லாம் பிறகு. அதற்கு முன்பே கிடைக்கக்கூடியது கட்டுரைக்கான நிதி: வாஷிங்டனின் புலிட்சர் சென்டர், சுற்றுச்சூழலுக்கு எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க். பயணச் செலவைத் தருவார்கள், ஆனால் கட்டுரையை வெளியிட ஓர் இதழ் சம்மதித்த கடிதமோ தெளிவான வெளியீட்டுத் திட்டமோ கேட்பார்கள்.

பட்ஜெட்டை விண்ணப்பத்தில் வரி வரியாகப் பிரித்துக் காட்டுங்கள்: விமானம், விசா, தங்குமிடம், வண்டி, மொழிபெயர்ப்பு, காப்பீடு, உங்கள் உழைப்புக்கான தொகை. கடைசி வரியைக் கூச்சப்பட்டு விடுகிறவர்கள் நம்மூரில் அதிகம். விட்டால் திட்டம் தெரியாதவர் என்று நினைப்பார்கள், மிச்சம் பிடித்தவர் என்று அல்ல. மொத்தத்தில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். எல்லா ரசீதையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். தெர்மல் காகிதத்தில் அச்சானது அறிக்கை தரும் நாளுக்குள் வெளிறிவிடும்.